இ. கே. ஜானகி அம்மாள்

எடவலத் கக்காட் ஜானகி அம்மாள் (நவம்பர் 4, 1897 – பிப்ரவரி 1984) இந்தியத் தாவரவியலாளரும் உயிரணு மரபியலாளரும் ஆவார். குரோமோசோம் எனப்படும் நிறப்புரிகளின் எண்ணிக்கையையும் அமைப்பையும் கொண்டு தாவரங்களின் தோற்றத்தையும் உறவையும் ஆய்ந்தவர். கரும்பு, மக்னோலியா, கத்தரி இனம், புதினா, ஊமத்தை முதலிய பல தாவரங்களில் இவருடைய ஆய்வுகள் அமைந்தன. சி. டி. டார்லிங்டனுடன் இணைந்து இவர் எழுதிய பயிர்த் தாவரங்களின் நிறப்புரி அட்டவணை 1945 ஆம் ஆண்டில் வெளியானது. கேரளத்தில் பிறந்த இவர் தமது கல்லூரிக் கல்வியைச் சென்னையிலும், கரும்பு ஆய்வைக் கோயம்புத்தூரிலும், இறுதிக்கால ஆய்வைச் சென்னையை அடுத்த மதுரவாயலிலும் மேற்கொண்டார். எனவே இவருடைய வாழ்க்கை தமிழ்நாட்டின் அறிவியல் வரலாற்றிலும் ஒரு பகுதியாகும்.

பிறப்பும் குடும்பமும்

ஜானகி அம்மாள் அன்றைய சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தில் உள்ள தலசேரியில் பிறந்தார். தந்தை திவான் பகதூர் இ. கே. கிருஷ்ணன் தலசேரியில் துணை நீதிபதியாகப் பணியாற்றியவர். தாய் தேவி, திருவிதாங்கூரில் பிரித்தானிய அரசின் பிரதிநிதியாக இருந்த ஜான் சைல்டு ஹானிங்டனின் மகளாவார். தந்தையின் இரு திருமணங்கள் வழியாகப் பத்தொன்பது பிள்ளைகள் இருந்த பெரிய குடும்பம் அது. கிருஷ்ணன் இயற்கை அறிவியலில் ஈடுபாடு கொண்டவர். வீட்டில் ஒரு நூலகத்தையும் தோட்டத்தையும் பேணியதோடு பறவைகளைப் பற்றிய குறிப்புகளையும் எழுதி வந்தார். செடிகொடிகள் மீது ஜானகிக்கு ஏற்பட்ட பற்றுக்கு இச்சூழலே அடிப்படையாக அமைந்தது.

அக்காலத்தில் பெண்களுக்கு இளம் வயதிலேயே திருமணம் செய்து வைப்பது வழக்கமாக இருந்தது. ஜானகியின் சகோதரிகள் பலருக்கும் அவ்வாறே திருமணம் நடந்தது. ஜானகி படிப்பைத் தொடர்ந்தார். இறுதிவரை திருமணம் செய்துகொள்ளவில்லை.

கல்வி

தலசேரியில் பள்ளிக் கல்வியை முடித்த ஜானகி, மேற்படிப்புக்காகச் சென்னைக்கு வந்தார். 1914 இல் தொடங்கப்பட்ட இராணி மேரி கல்லூரியில் இளநிலைப் பட்டம் பெற்றார். பின்னர் மாநிலக் கல்லூரியில் பயின்று 1921 இல் தாவரவியலில் சிறப்புப் பட்டம் பெற்றார். அதன்பின் சென்னை மகளிர் கிறித்தவக் கல்லூரியில் ஆசிரியராகப் பணியாற்றினார்.

ஆசியப் பெண்களின் உயர்கல்விக்காக அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகம் வழங்கி வந்த பார்பர் உதவித்தொகை ஜானகிக்குக் கிடைத்தது. 1924 இல் அமெரிக்கா சென்ற அவர், தாவரவியலாளர் எச். எச். பார்ட்லெட்டிடம் பயின்று முதுநிலைப் பட்டம் பெற்றார். இந்தியா திரும்பிச் சிறிது காலம் மகளிர் கிறித்தவக் கல்லூரியில் கற்பித்த பின் மீண்டும் மிச்சிகன் சென்றார். நிக்காண்டிரா பைசலாய்டஸ் என்னும் கத்தரிக் குடும்பச் செடியின் நிறப்புரிகளை ஆய்ந்து 1931 இல் அறிவியல் முனைவர் பட்டம் பெற்றார். அமெரிக்காவில் தாவரவியலில் முனைவர் பட்டம் பெற்ற முதல் இந்தியப் பெண்ணாக இவர் பொதுவாகக் குறிப்பிடப்படுகிறார்.

தாயகம் திரும்பிய ஜானகி 1932 முதல் 1934 வரை திருவனந்தபுரம் மகாராஜா அறிவியல் கல்லூரியில் தாவரவியல் பேராசிரியராக இருந்தார்.

ஆய்வுத் துறை: நிறப்புரிகளை எண்ணுதல்

ஜானகி அம்மாளின் பணியைப் புரிந்துகொள்ள, நிறப்புரி எண்ணிக்கை ஏன் முக்கியமானது என்பதை அறிதல் வேண்டும். ஒவ்வோர் உயிரினத்தின் உடல் உயிரணுவிலும் குறிப்பிட்ட எண்ணிக்கையில் நிறப்புரிகள் உள்ளன. இவற்றில் ஒரு பாதி தாயிடமிருந்தும் மறுபாதி தந்தையிடமிருந்தும் வருகின்றன. உயிரணு இரண்டாகப் பிரிவதற்கு முன் ஒவ்வொரு நிறப்புரியும் தன்னை இரட்டித்துக்கொள்கிறது. பின்னர் இரு புதிய உயிரணுக்களுக்கும் சம எண்ணிக்கையில் பங்கிடப்படுகிறது. பிரிவு நடைபெறாத வேளையில் நிறப்புரிகள் மெல்லிய இழைகளாகக் கலைந்து கிடப்பதால் அவற்றைத் தனித்தனியே காண இயலாது. பிரிவின்போது அவை சுருண்டு தடித்துக் குட்டைக் கோல்களாகத் தெரியும் குறுகிய நேரத்தில்தான் எண்ண முடியும்.

இதனைப் பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் வயல்களில் விளையும் பயிர்களைக் கொண்டே விளக்கலாம். பெரம்பலூர் மாவட்டத்தில் செட்டிகுளம் பகுதி சின்ன வெங்காயத்துக்குப் பெயர் பெற்றது. வெங்காயத்தின் உடல் உயிரணுவில் 16 நிறப்புரிகள் உள்ளன. அவை பெரியவையாக இருப்பதால், வெங்காய வேர் நுனியை நசுக்கிச் சாயமேற்றி உயிரணுப் பிரிவைக் காணும் சோதனை பள்ளி, கல்லூரி ஆய்வகங்களில் இன்றும் செய்யப்படுகிறது. அம்மாவட்டத்தின் மற்றொரு முக்கியப் பயிரான மக்காச்சோளத்தில் 20 நிறப்புரிகள் உள்ளன. பருத்தியில் இரு நிலைகளைக் காணலாம். பழைய நாட்டுப் பருத்தி இனத்தில் 26 நிறப்புரிகளும், இன்று பெருமளவில் பயிராகும் அமெரிக்கப் பருத்தி இனத்தில் அதன் இருமடங்கான 52 நிறப்புரிகளும் உள்ளன. தொன்மைக் காலத்தில் இரு வேறு பருத்தி இனங்கள் கலந்து, இரண்டின் நிறப்புரிகளும் முழுமையாக ஒன்று சேர்ந்ததால் பின்னது தோன்றியது.

இவ்வாறு நிறப்புரித் தொகுதிகள் இரண்டுக்கு மேல் அமைவது பன்மடியம் எனப்படும். பூக்கும் தாவரங்களில் புதிய இனங்கள் தோன்றுவதற்குப் பன்மடியம் ஒரு முக்கிய வழியாகும். எனவே ஒரு செடியின் நிறப்புரிகளை எண்ணுவது, அதன் முன்னோர் யார், எவற்றோடு அதனைக் கலக்கலாம், கலப்புச் செடி விதை தருமா மலடாகுமா என்னும் கேள்விகளுக்கு விடை தேடும் வழியாக அமைகிறது.

அக்காலத்தில் இப்பணி எளிதாக இருக்கவில்லை. கணினியோ, நிறப்புரிகளைத் தனித்தனியே ஒளிரச் செய்யும் சாயங்களோ இல்லை. நுண்ணோக்கியில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும் கோல்களைக் கையால் வரைந்து எண்ண வேண்டும். மனிதனின் நிறப்புரிகள் 48 என்றே நெடுங்காலம் நம்பப்பட்டது. அவை 46 என்பது 1956 இல்தான் உறுதியாயிற்று என்பதைக் கொண்டு இதன் கடினத்தை உணரலாம். நூற்றுக்கும் மேற்பட்ட சிறு நிறப்புரிகளைக் கொண்ட கரும்பு இத்துறையின் மிகக் கடினமான பயிர்களுள் ஒன்றாகும்.

கோயம்புத்தூரில் கரும்பு ஆய்வு

கோயம்புத்தூரில் கரும்பு இனப்பெருக்க நிலையம் 1912 இல் தொடங்கப்பட்டது. கரும்பு பொதுவாகக் கரணைகளை நட்டு வளர்க்கப்படும் பயிர். புதிய வகை உருவாக்க அது பூத்து விதை தர வேண்டும். வட இந்தியாவில் அரிதாக நடக்கும் இது கோயம்புத்தூரின் தட்பவெப்பத்தில் நன்கு நடைபெற்றதால் நிலையத்துக்கு அவ்விடம் தேர்ந்தெடுக்கப்பட்டது. தென்னிந்தியாவில் தடித்த, இனிப்பு மிகுந்த கரும்பு விளைந்தது. அதன் அறிவியல் பெயர் சக்காரம் அஃபிசினாரம் என்பதாகும். இது நோய்க்கும் குளிருக்கும் தாக்குப்பிடிக்காது. நிலையத்தின் முதல் தலைவரான சி. ஏ. பார்பரும் அவரைத் தொடர்ந்து பொறுப்பேற்ற டி. எஸ். வெங்கட்ராமனும், நாணலைப் போல ஆற்றங்கரைகளில் வளரும் சக்காரம் ஸ்பான்டேனியம் என்னும் காட்டு இனத்தோடு இனிப்புக் கரும்பைக் கலந்தனர். இனிப்பு ஒரு பெற்றோரிடமிருந்தும், வலிமை மற்றொரு பெற்றோரிடமிருந்தும் வந்தன. முதல் வெற்றியான கோ 205 என்னும் வகை 1918 இல் வெளியிடப்பட்டது. 'கோ' என்பது கோயம்புத்தூரைக் குறிக்கும்.

ஜானகி அம்மாள் 1934 இல் இந்நிலையத்தில் மரபியலாளராகச் சேர்ந்தார். கலப்புகள் வெற்றி பெற்றபோதும் அவற்றின் உள்ளே நிகழ்வது என்ன என்பதில் தெளிவு தேவைப்பட்டது. இனிப்புக் கரும்பில் 80 நிறப்புரிகள் உள்ளன. காட்டுக் கரும்பில் இடத்துக்கு இடம் எண்ணிக்கை மாறுகிறது. ஏறத்தாழ 40 முதல் 128 வரை பல நிலைகள் அறியப்பட்டுள்ளன. இந்தியாவின் பல பகுதிகளிலிருந்து கிடைத்த காட்டுக் கரும்பின் நிறப்புரிகளை ஜானகி அம்மாள் ஆய்ந்து 1936 இல் கட்டுரை வெளியிட்டார். தோற்றத்தில் ஒன்றே போலிருக்கும் ஓர் இனத்துக்குள் பல மடிய நிலைகள் உண்டு என்பதும், எந்த இடத்துக் காட்டுக் கரும்பைப் பெற்றோராகக் கொள்கிறோம் என்பதைப் பொறுத்துக் கலப்பின் தன்மை மாறும் என்பதும் இத்தகைய ஆய்வுகளால் விளங்கின.

கரும்புக் கலப்பில் மற்றொரு விந்தையும் உண்டு. பொதுவாகத் தாயும் தந்தையும் தத்தம் நிறப்புரிகளில் பாதியையே பிள்ளைக்கு அளிக்கின்றன. ஆனால் இனிப்புக் கரும்பு தாயாகவும் காட்டுக் கரும்பு தந்தையாகவும் அமையும்போது, தாய் பெரும்பாலும் தனது 80 நிறப்புரிகளையும் முழுமையாக அளித்து விடுகிறது. 64 நிறப்புரிகள் கொண்ட கோயம்புத்தூர்க் காட்டுக் கரும்பு அளிக்கும் 32 உடன் சேர்ந்து பிள்ளைக்கு 112 நிறப்புரிகள் அமைகின்றன. இனிப்புத் தன்மை ஒரே தலைமுறையில் பாதியாகக் குறைந்து விடாமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

ஜானகி அம்மாள் கரும்பைப் பிற புல் பேரினங்களோடும் கலந்து பார்த்தார். கரும்பையும் மக்காச்சோளத்தையும் கலந்து பெற்ற செடியைப் பற்றிய இவருடைய குறிப்பு 1938 இல் நேச்சர் இதழில் வெளியாயிற்று. எரியாந்தசு, இம்பெரட்டா முதலிய புற்களுடன் கரும்பின் கலப்பினங்களைப் பற்றிய விரிவான கட்டுரை 1941 இல் வெளிவந்தது. இக்கலப்புகள் நேரடியாக வயலுக்குச் செல்லவில்லை. எனினும் கரும்பின் உறவினர்கள் யாவை, அவற்றின் பண்புகளைக் கரும்புக்குள் கொண்டுவர எவ்வளவு தொலைவு செல்ல முடியும் என்பதை அறிய உதவின. இன்றும் கரும்பு இனப்பெருக்க ஆய்வில் எரியாந்தசு கலப்புகள் தொடர்கின்றன.

பெரம்பலூர் மாவட்டத்தின் எறையூர் ஆலைக்கும் பிற ஆலைகளுக்கும் இன்று செல்லும் கரும்பு, கோயம்புத்தூரில் தொடங்கிய இக்கலப்பு வழிமுறையின் தொடர்ச்சியாக வந்ததேயாகும். அக்கரும்பின் ஒவ்வோர் உயிரணுவிலும் இனிப்புக் கரும்பின் நிறப்புரிகளோடு ஆற்றங்கரைப் புல்லின் நிறப்புரிகளும் கலந்துள்ளன.

1935 இல் இந்திய அறிவியல் கழகம் ஜானகி அம்மாளைத் தன் உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. இக்கழகம் அதற்கு முந்திய ஆண்டில்தான் ச. வெ. இராமனால் நிறுவப்பட்டிருந்தது. இவ்வளவு மதிப்புப் பெற்றபோதும் கோயம்புத்தூரில் அவருடைய பணிச்சூழல் எளிதாக அமையவில்லை. திருமணமாகாத பெண் என்பதாலும், பிற்படுத்தப்பட்டதாகக் கருதப்பட்ட சாதியில் பிறந்தவர் என்பதாலும், ஆண்களே நிறைந்த ஆய்வுச் சூழலில் அவர் இடர்ப்பாடுகளை எதிர்கொண்டதாக அவரைப் பற்றி எழுதியோர் பதிவு செய்துள்ளனர்.

இங்கிலாந்தில்

1939 ஆகஸ்ட் இறுதியில் ஏழாம் உலக மரபியல் மாநாடு ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் நடைபெற்றது. அதில் கலந்துகொள்ள ஜானகி அம்மாள் சென்றார். மாநாடு நடந்துகொண்டிருக்கும்போதே போர் நெருங்கியதால் பல நாட்டுப் பேராளர்கள் இடையிலேயே கிளம்பினர். சில நாட்களில் இரண்டாம் உலகப் போர் தொடங்கியது. ஜானகி அம்மாள் இங்கிலாந்திலேயே தங்கிவிட்டார்.

1940 முதல் 1945 வரை இலண்டனை அடுத்த மெர்ட்டனில் இருந்த ஜான் இன்னசு தோட்டக்கலை ஆய்வு நிலையத்தில் உதவி உயிரணுவியலாளராகப் பணியாற்றினார். நிறப்புரி ஆய்வில் அக்காலத்தின் முதன்மையான அறிஞர்களுள் ஒருவரான சிரில் டீன் டார்லிங்டன் அதன் இயக்குநராக இருந்தார். இலண்டன் மீது குண்டுகள் விழுந்த அவ்வாண்டுகளில் ஜானகி அம்மாள் தம் ஆய்வைத் தொடர்ந்தார். இந்தியாவிலிருந்து கொண்டுவந்த கபோக் என்னும் அணிற்பிள்ளை ஒன்றை நிலையத்தில் வளர்த்தார் என்னும் செய்தியும் அவரைப் பற்றிய குறிப்புகளில் காணப்படுகிறது.

இவரும் டார்லிங்டனும் இணைந்து உருவாக்கிய பயிர்த் தாவரங்களின் நிறப்புரி அட்டவணை 1945 இல் வெளியானது. உலகின் பல மொழிகளில் பல இதழ்களில் சிதறிக் கிடந்த ஆயிரக்கணக்கான தாவர இனங்களின் நிறப்புரி எண்கள் இதில் குடும்ப வாரியாகத் தொகுக்கப்பட்டன. ஒரு பயிரை மேம்படுத்த விரும்பும் ஆய்வாளர், அதன் உறவினர்களின் எண்ணிக்கையை ஒரே இடத்தில் கண்டு எவற்றைக் கலக்கலாம் எனத் திட்டமிட இந்நூல் வழிசெய்தது. அதோடு பயிர்கள் எங்குத் தோன்றின, எவ்வழியே பரவின என்பவற்றையும் நிறப்புரிகளைக் கொண்டு சிந்திக்க வைத்தது. 1955 இல் வெளிவந்த விரிவாக்கப்பட்ட நூலில் டார்லிங்டனோடு இணையாசிரியராக இருந்தவர் ஏ. பி. வைலி ஆவார்.

மக்னோலியாவும் கோல்ச்சிசினும்

1946 முதல் 1951 வரை விஸ்லியில் உள்ள அரச தோட்டக்கலைக் கழகத்தில் உயிரணுவியலாளராக ஜானகி அம்மாள் பணியாற்றினார். அங்கு ரோடோடென்ட்ரன், மக்னோலியா முதலிய தோட்டச் செடிகளின் நிறப்புரிகளை ஆய்ந்தார்.

இக்காலத்தில் அவர் கோல்ச்சிசின் என்னும் பொருளைப் பயன்படுத்தினார். உயிரணு பிரியும்போது, இரட்டித்த நிறப்புரிகளை இரு பக்கமும் இழுத்துச் செல்ல நுண்ணிய இழைகளாலான கதிர் ஒன்று தோன்றுகிறது. கோல்ச்சிசின் அக்கதிரை உருவாகாமல் தடுக்கிறது. நிறப்புரிகள் இரட்டித்து விடும்; ஆனால் பிரிந்து செல்ல மாட்டா. அதனால் ஒரே உயிரணுவில் இருமடங்கு நிறப்புரிகள் தங்கி விடுகின்றன. தாவரங்களில் இவ்விளைவு 1937 இல் அறியப்பட்டது. தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தளின் கிழங்கிலும் விதையிலும் கோல்ச்சிசின் உள்ளது என்பது குறிப்பிடத்தக்கது. செங்காந்தள் கிழங்கு நஞ்சாவதற்கும் இப்பொருளே காரணமாகும்.

மக்னோலியா கோபசு என்னும் மரத்தின் இயல்பான நிறப்புரி எண்ணிக்கை 38 ஆகும். இதன் நாற்றுகளைக் கோல்ச்சிசினுக்கு உட்படுத்தி இருமடங்கு நிறப்புரிகள் கொண்ட செடிகளை ஜானகி அம்மாள் உருவாக்கினார். அவற்றின் வழி வந்த ஒரு வகைக்கு அவருடைய பெயரே இடப்பட்டது. அவர் காலத்து மக்னோலியாக்கள் விஸ்லித் தோட்டத்தின் பேட்டில்ஸ்டன் குன்றில் நடப்பட்டன.

இந்தியத் தாவரவியல் அளவாய்வகம்

1951 இல் அன்றைய இந்தியப் பிரதமர் ஜவகர்லால் நேருவின் அழைப்பை ஏற்று ஜானகி அம்மாள் தாயகம் திரும்பினார். 1890 இல் நிறுவப்பட்ட இந்தியத் தாவரவியல் அளவாய்வகம் விடுதலைக்கு முன்பே நலிந்து போயிருந்தது. அதனைச் சீரமைக்கும் பொறுப்பு அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. 1952 அக்டோபரில் சிறப்புப் பணி அலுவலராகப் பொறுப்பேற்றார்.

இப்பணிக்குப் பின்னால் ஓர் அடிப்படைக் கேள்வி இருந்தது. இந்தியத் தாவரங்களைப் பற்றிய ஆய்வு பிரித்தானிய ஆட்சிக் காலத்தில் பெரிதும் கியூ தோட்டத்தைச் சார்ந்தே நடந்தது. முதன்மை மாதிரிகள் பல அங்கேயே சேர்ந்திருந்தன. இந்தியத் தாவரங்களை இந்திய ஆய்வாளர்கள் இந்தியாவிலேயே ஆராய வேண்டும் என்பதும், உலர்த்தி ஒட்டிய மாதிரிகளை மட்டும் நோக்காமல் உயிருள்ள செடியின் நிறப்புரிகளையும் வாழிடத்தையும் மக்கள் பயன்பாட்டையும் சேர்த்து நோக்க வேண்டும் என்பதும் ஜானகி அம்மாளின் நிலைப்பாடாக இருந்தது. 1954 இல் அளவாய்வகம் மறுசீரமைக்கப்பட்டு, பின்னர் வட்டார மையங்கள் அமைந்தன. அவற்றுள் தென்மண்டல மையம் கோயம்புத்தூரில் உள்ளது. எனினும் மறுசீரமைக்கப்பட்ட அளவாய்வகத்தின் தலைமை அவருக்கு அளிக்கப்படவில்லை. அது அவர் எண்ணிய வழியிலும் முழுமையாகச் செல்லவில்லை. அவர் அலகாபாத்தில் மையத் தாவரவியல் ஆய்வகத்தின் தலைமைப் பொறுப்பை வகித்தார். பின்னர் சம்முவில் இருந்த வட்டார ஆய்வுக்கூடத்திலும் பணியாற்றினார். மும்பையில் உள்ள பாபா அணு ஆய்வு மையத்திலும் சிறிது காலம் இருந்தார்.

1955 இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டனில், புவியின் முகத்தை மனிதன் எவ்வாறு மாற்றியுள்ளான் என்பது பற்றிய பன்னாட்டுக் கருத்தரங்கு நடைபெற்றது. அதற்கு அழைக்கப்பட்ட ஒரே பெண் அறிஞர் ஜானகி அம்மாள் ஆவார். இந்தியாவின் தன்னிறைவு வேளாண் வாழ்க்கையைப் பற்றி அவர் அங்கு உரையாற்றினார்.

இமயமலைத் தாவரங்கள்

இக்காலத்தில் கத்தரி இனம், ஊமத்தை, புதினா, எலுமிச்சம்புல், வள்ளிக்கிழங்கு வகை முதலிய பேரினங்களின் நிறப்புரிகளை அவர் ஆய்ந்தார். இவற்றுள் பல மருந்துக்கும் நறுமண எண்ணெய்க்கும் பயன்படுவன.

இமயமலையின் இரு முனைகளையும் ஒப்பிட்டு அவர் கண்ட முடிவு குறிப்பிடத்தக்கது. குளிரும் வறட்சியும் நிலவும் வடமேற்கைவிடக் குளிரும் ஈரமும் நிலவும் வடகிழக்கில் தாவர இனங்கள் மிகுதியாகத் தோன்றியுள்ளன. பன்மடியத்தை இதற்கு ஒரு காரணமாக அவர் கூறினார். மேலும் வடகிழக்கில் சீன, மலேயத் தாவரக் கூறுகள் சந்திக்கின்றன. அவை உள்நாட்டுத் தாவரங்களோடு இயற்கையாகவே கலந்ததும் இவ்வளத்தைப் பெருக்கியது என்பது அவருடைய கருத்து. கரும்பு வயலில் கையால் செய்த கலப்பைப் போன்ற ஒன்றை இயற்கை மலைச்சரிவுகளில் நெடுங்காலமாகச் செய்து வந்துள்ளது என இதனைப் புரிந்துகொள்ளலாம்.

அமைதிப் பள்ளத்தாக்கு

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் குந்திப்புழை ஆற்றின் குறுக்கே அணை கட்டி நீர்மின்சாரம் எடுக்கும் திட்டம் 1970-களில் முன்வைக்கப்பட்டது. இதனால் அமைதிப் பள்ளத்தாக்கின் மழைக்காடு நீரில் மூழ்கும் நிலை ஏற்பட்டது. அறிவியலாளர்கள், ஆசிரியர்கள், எழுத்தாளர்கள் எனப் பலர் இதனை எதிர்த்தனர். எண்பது வயதைக் கடந்திருந்த ஜானகி அம்மாளும் அவர்களுள் ஒருவர். அக்காட்டின் தாவரங்களின் நிறப்புரிகளை ஆய்ந்து பதிவு செய்யும் பணியிலும் ஈடுபட்டார்.

இங்கு ஒரு முரணையும் நோக்கலாம். பயிரை மேம்படுத்தி விளைச்சலைப் பெருக்குவதற்காகத் தொடங்கிய ஆய்வு வாழ்க்கை, காட்டைக் காக்கும் முயற்சியில் வந்து நின்றது. ஆனால் இரண்டும் தொடர்பற்றவை அல்ல. கரும்புக்கு நோய் எதிர்ப்பையும் வலிமையையும் அளித்தது எவரும் பயிரிடாத ஒரு காட்டுப் புல்லாகும். காட்டு உறவினர்கள் அழிந்தால் நாளைய பயிருக்கான மூலப்பொருளும் அழியும்.

1983 இல் மின்திட்டம் கைவிடப்பட்டது. 1984 நவம்பரில் அமைதிப் பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அதற்குச் சில மாதங்கள் முன்னரே ஜானகி அம்மாள் மறைந்துவிட்டார்.

மதுரவாயலில் இறுதிக்காலம்

1970 இல் ஜானகி அம்மாள் சென்னைக்குத் திரும்பினார். சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் உயராய்வு மையத்தில் மதிப்புறு அறிவியலாளராக இணைந்தார். மையத்தின் மதுரவாயல் களஆய்வகத்தில் தங்கி மூலிகைத் தோட்டம் ஒன்றை வளர்த்தார். மூலிகைகளின் நிறப்புரிகளையும், பழங்குடியினர் தாவரங்களைப் பயன்படுத்தும் முறைகளையும் ஆராய்ந்தார். எளிய வாழ்க்கையையே மேற்கொண்டார். இறுதிவரை ஆய்வில் ஈடுபட்டிருந்த அவர், 1984 பிப்ரவரியில் தமது 86 ஆம் அகவையில் காலமானார்.

பிற்கால அறிவியல்: நிறப்புரியும் ஹிஸ்டோன் புரதங்களும்

ஜானகி அம்மாள் ஆய்வைத் தொடங்கிய காலத்தில் நிறப்புரி எதனால் ஆனது என்பது ஓரளவே அறியப்பட்டிருந்தது. அதில் கருவமிலமும் புரதமும் உள்ளன என்பது தெரியும். மரபுப் பண்புகளைச் சுமப்பது புரதமாகவே இருக்கும் எனப் பலரும் கருதினர். டி.என்.ஏ.வே மரபுப்பொருள் என்பதற்கான சான்று 1944 இலும், அதன் இரட்டைச் சுருள் வடிவம் 1953 இலும் வெளியாயின.

நிறப்புரியில் உள்ள முதன்மைப் புரதங்கள் ஹிஸ்டோன்கள் எனப்படும். செருமானிய வேதியியலாளர் ஆல்பிரெக்ட் கோசல் 1884 இல் இவற்றைக் கண்டறிந்தார். எனினும் இவற்றின் பணி ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் தெளிவாகவில்லை. 1964 இல் வின்சென்ட் ஆல்ஃபிரே, ஹிஸ்டோன்களில் ஏற்படும் வேதி மாற்றங்களுக்கும் மரபணுக்கள் செயல்படுவதற்கும் தொடர்பு உண்டு எனக் காட்டினார். 1974 இல் ரோஜர் கோர்ன்பர்க் டி.என்.ஏ. சுற்றப்படும் அடிப்படை அலகை விளக்கினார். எட்டு ஹிஸ்டோன்கள் சேர்ந்த ஓர் உருளையின் மீது ஏறத்தாழ 147 இணைகள் நீளமுள்ள டி.என்.ஏ. சுற்றியிருக்கும். நூல்கண்டுகளைக் கோத்த மாலையைப் போல இவ்வலகுகள் தொடர்ந்து அமைகின்றன.

இவ்வமைப்பு இரு பணிகளைச் செய்கிறது. முதலாவது மரபணு ஒழுங்குபாடு ஆகும். ஹிஸ்டோனின் வால் பகுதியில் அசிட்டைல் தொகுதி சேரும்போது டி.என்.ஏ. மீதான பிடி தளர்கிறது. மரபணுவைப் படிக்கும் நொதிகள் நெருங்க முடிகிறது. அத்தொகுதி நீங்கினால் பிடி இறுகி மரபணு அமைதியாகிறது. மெத்தைல் தொகுதி சேருவது, சேரும் இடத்தைப் பொறுத்து மரபணுவைச் செயல்படுத்தவோ அடக்கவோ செய்யும். வேரின் உயிரணுவும் இலையின் உயிரணுவும் ஒரே டி.என்.ஏ.வைக் கொண்டிருந்தும் வேறுபட்டு இயங்குவதற்கு இத்தகைய அடையாளங்களும் காரணமாகும்.

இரண்டாவது உயிரணுப் பிரிவு ஆகும். டி.என்.ஏ. இரட்டிக்கும் கட்டத்தில் அதற்கு ஈடாகப் புதிய ஹிஸ்டோன்களும் பெருமளவில் உருவாகின்றன. பிரிவு தொடங்கும்போது ஹிஸ்டோன்களில் பாசுபேட்டுத் தொகுதி சேர்கிறது. பிற புரதங்களின் துணையோடு நிறப்புரி இழை நெருக்கமாகச் சுருள்கிறது. கதிர் இழைகள் நிறப்புரியைப் பற்றும் இடத்தையும் ஒரு சிறப்பு வகை ஹிஸ்டோனே அடையாளம் காட்டுகிறது. ஜானகி அம்மாள் நுண்ணோக்கியில் எண்ணிய குட்டைக் கோல்கள் இவ்வாறு சுருண்ட நிலையில் உள்ள நிறப்புரிகளேயாகும்.

பன்மடியத் தாவரங்களைப் பற்றிய பிற்கால ஆய்வுகளிலும் ஹிஸ்டோன்கள் இடம்பெறுகின்றன. இரு இனங்களின் நிறப்புரிகள் ஒரே உயிரணுவில் சேரும்போது ஒரே பணிக்குப் பல மரபணுப் படிகள் அமைகின்றன. அவற்றுள் சில படிகள் ஹிஸ்டோன் மாற்றங்களாலும் டி.என்.ஏ. மெத்தைலேற்றத்தாலும் அடக்கப்படுகின்றன. எனவே கலப்புச் செடியின் தன்மை அதன் நிறப்புரி எண்ணிக்கையால் மட்டும் முடிவாவதில்லை. எவை படிக்கப்படுகின்றன, எவை மூடப்படுகின்றன என்பதும் சேர்ந்தே அதனை முடிவு செய்கிறது. ஆயினும் இக்கேள்வியைக் கேட்பதற்கு முன், எந்தச் செடியில் எத்தனை நிறப்புரிகள் உள்ளன என்பது தெரிந்திருக்க வேண்டும். அந்த அடித்தளத்தை அமைத்த தலைமுறையைச் சேர்ந்தவர் ஜானகி அம்மாள்.

சிறப்புகளும் நினைவும்

1935 – இந்திய அறிவியல் கழக உறுப்பினர்
1957 – இந்தியத் தேசிய அறிவியல் கழக உறுப்பினர்
1977 – இந்திய அரசின் பத்மசிறீ விருது

மிச்சிகன் பல்கலைக்கழகம் 1950-களில் இவருக்கு மதிப்புறு முனைவர் பட்டம் வழங்கியது. இந்தியச் சுற்றுச்சூழல் அமைச்சு தாவர, விலங்கு வகைப்பாட்டியலில் சிறந்த பணிக்கு இவர் பெயரில் தேசிய விருது நிறுவியுள்ளது. சம்முவில் உள்ள உலர்தாவரகம் ஒன்று இவர் பெயரைத் தாங்கியுள்ளது. 2019 இல் மேற்குத் தொடர்ச்சி மலையில் கண்டறிந்து விவரிக்கப்பட்ட ஒரு பல்லி இனத்துக்கு திராவிடோகெக்கோ ஜானகியே எனப் பெயரிடப்பட்டது. கொடைக்கானலில் உருவாக்கப்பட்ட ஒரு ரோஜா வகைக்கும் இவர் பெயர் சூட்டப்பட்டுள்ளது.

இவற்றையும் பார்க்க

உயிரணுப் பிரிவு
நிறப்புரி
ஹிஸ்டோன்
பன்மடியம்
கரும்பு
அமைதிப் பள்ளத்தாக்கு தேசியப் பூங்கா